நீந்தி, மிதித்து, ஓடி: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த நெடுந்தூர ட்ரையத்லன் பற்றி எழுதியிருந்தேன். தலவாக்கலைப் பக்கம் கணிதம் படிப்பிக்கிற நான், 34 வயதில் நீச்சல் பழகி, 2019இல் கொழும்பில் அரைத் தூரத்தையும் அப்புறம் மலேசியாவின் லங்காவியில் முழுத் தூரத்தையும் முடித்த கதை அது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தண்ணீரைப் பற்றித்தான் கேட்கின்றன. அந்தப் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்டர், தூரக் கணக்கு எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மூன்றையும் ஒரே நாளிலா செய்யவேண்டும்? இடையில் ஓய்வு உண்டா?
தேயிலைத் தொழிற்சாலை ஊழியர், மஸ்கெலியா

ஒரே நாள்தான். ஓய்வுக்கென்று தனி நேரம் கிடையாது. ஈர உடுப்பை மாற்றுகிற நேரமும் கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும்.

முழுத் தூரம் என்றால் 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 கிலோமீற்றர் சைக்கிள், 42.2 கிலோமீற்றர் ஓட்டம். நம்ம ஊர்க் கணக்கில் சொல்வதானால், நுவரெலியாவில் சைக்கிளில் ஏறி ஹற்றன், அவிசாவளை வழியாகக் கொழும்பு போய்ச் சேர்வது கிட்டத்தட்ட அந்தச் சைக்கிள் தூரம். அங்கே சைக்கிளைச் சாத்திவிட்டுக் களுத்துறை வரைக்கும் ஓடினால் ஓட்டமும் முடிந்தது. அரைத் தூரம் இதில் சரிபாதி: 1.9, 90, 21.1.

பெரும்பாலான முழுத் தூரப் போட்டிகளில் 17 மணி நேரம் தருவார்கள். காலை ஏழு மணிக்குக் கடலில் இறங்கினால் நள்ளிரவு வரை. ஆனால் இடையிலும் கதவு மூடும். பொதுவாக நீச்சலை 2 மணி 20 நிமிடத்திலும், சைக்கிளைத் தொடக்கத்திலிருந்து பத்தரை மணி நேரத்திலும் முடித்திருக்க வேண்டும். நான் எல்லாம் சேர்த்து 15 மணி 50 நிமிடம் எடுத்தேன். கடைசி 10 கிலோமீற்றரில் பாதி நடைதான்.

1978இல் ஹவாயின் ஒவாகு தீவில் முதன்முதலாக இதை நடத்தியபோது 15 பேர் இறங்கி 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்தவருக்கே 11 மணி 46 நிமிடம் ஆனது. அவர்களும் நம்மைப் போல வேலை செய்துகொண்டே பழகியவர்கள்தான்.

நாங்கள் காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் இருக்கிறோம். தண்ணீர் வாசலிலேயே கிடக்கிறது. நானும் இரண்டு கூட்டாளிமாரும் அங்கேயே நீச்சல் பழகலாம் என்று பார்க்கிறோம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
ஓர் இளைஞர், நோர்வூட்

வேண்டாம் தம்பி. இதை ஒரு வாத்தியார் சொல்லும் வழக்கமான புத்திமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காரணத்தைக் கேளுங்கள்.

ஒன்பதாம் வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன் ஒரு பொங்கல் விடுமுறையில் நீர்த்தேக்கத்துக்குக் குளிக்கப் போனான். மூன்று பேர் போனார்கள், இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். மூவருக்குமே நீச்சல் தெரியாது. கரையில் நின்றவர்களால் கத்தத்தான் முடிந்தது. அவனுடைய அம்மா இன்றைக்கும் அதே லயத்தில் இருக்கிறார். அதற்கப்புறம் இருபது வருடம் நான் முழங்கால் அளவுத் தண்ணீரில்கூட இறங்கவில்லை.

நம்முடைய நீர்த்தேக்கங்கள் குளங்களைப் போல மெல்ல மெல்ல ஆழமாகிறவை இல்லை. அவை மூழ்கிய பள்ளத்தாக்குகள். இப்போது கரையாகத் தெரிவது ஒரு காலத்தில் தேயிலை நின்ற சரிவு. இரண்டு அடி வைத்தால் இடுப்பளவு, மூன்றாவது அடியில் கால் எட்டாது. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றும் காலத்தில், மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும், நாமும் கூட்டமாகப் போய்ப் பார்ப்போம். அப்படியென்றால் நிறைந்திருக்கும்போது அடியில் சுவரும் கல்லும் இருக்கின்றன. மின்சாரத்துக்குத் தண்ணீர் திறக்கத் திறக்க மட்டம் மாறும், நேற்றுக் கால் ஊன்றிய இடம் இன்று சேறாக இருக்கும். குளிரும் உண்டு. இவ்வளவுக்கும் மேலே, காப்பாற்ற ஆள் இல்லை.

எங்கே பழகுவது? கயிறு கட்டிய, அடி தெரிகிற, காவலுக்கு ஆள் நிற்கிற தடாகத்தில். நான் கண்டியில் பழகினேன். சனிக்கிழமை விடியற்காலை பஸ் ஏறி, ஒரு மணி நேரம் தண்ணீரில் நின்றுவிட்டு, பொழுது சாயத் திரும்புவேன். ஒரு மணி நேர நீச்சலுக்கு ஒரு நாள் போகும். மலைநாட்டில் இருந்துகொண்டு இதற்குக் குறுக்கு வழி எனக்குக் கிடைக்கவில்லை.

முதல் நான்கு வாரமும் தூரத்தைப் பற்றி நினைக்காதீர்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை வெளியே விடுங்கள், அது போதும். நம் ஆட்கள் எல்லோருக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு நீந்துகிற பழக்கம் வந்துவிடுகிறது. அடக்க அடக்க உள்ளே கரியமில வாயு சேரும். அதுதான் நெஞ்சை இறுக்கிப் பதற்றத்தைக் கிளப்புவது. தண்ணீருக்குள் முழுவதும் விட்டுவிட்டால், தலையைத் திருப்பும்போது காற்று தானாக உள்ளே வரும். இந்த ஒரு விஷயம் புரிய எனக்கு ஆறு சனிக்கிழமை ஆனது. அடுத்தது பார்வை. முன்னால் பார்த்தால் தலை உயரும், தலை உயர்ந்தால் கால் தாழும், பிறகு ஒரு மூட்டையை இழுப்பது போல இருக்கும். அடியில் பதித்த தரையோடுகளைப் பார்த்துக்கொண்டே நீந்துங்கள்.

முதல் 25 மீற்றரை நிற்காமல் நீந்த இரண்டு மாதம் ஆனது. அந்த வருடம் முடிவதற்குள் 2 கிலோமீற்றர் வந்துவிட்டது. ஆரம்பம்தான் அப்படி இழுக்கும். மூச்சு பிடிபட்ட பிறகு தூரம் வேகமாகக் கூடும்.

அப்புறம் கடல். டிசம்பரிலிருந்து மார்ச் வரை தென்மேற்குக் கரை அமைதி. ஏப்ரலுக்குப் பிறகு செப்டம்பர் வரை கிழக்குக் கரை. பேராதனையில் தொடங்கி நுவரெலியா, பதுளை வழியாக இறங்கும் ஏ5 வீதி மட்டக்களப்புப் பக்கம் செங்கலடியில்தான் முடிகிறது. அங்கிருந்து பாசிக்குடா கிட்டத்தான். வெகுதூரம் வரை ஆழம் இல்லாத கடல் என்பதால், பயந்தவர்களுக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அங்கேயும் தனியாகப் போகக்கூடாது. இடுப்பில் செம்மஞ்சள் மிதவை கட்டாமல் நான் இன்றைக்கும் கடலில் இறங்குவதில்லை. பத்துக் கைவீச்சுக்கு ஒரு தடவை கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்து திசை பாருங்கள். கடலில் கோடு போட்டிருக்காது.

குளிர் நாடுகளில் ஆளை மிதக்க வைக்கும் ரப்பர் உடுப்பைப் போட அனுமதிப்பார்கள். நம்ம கடல் 28 பாகை அளவில் இருப்பதால் அந்த உதவி இங்கே கிடையாது. உங்கள் நீச்சல்தான் உங்களைத் தாங்கவேண்டும்.

உங்கள் கூட்டாளிமாருக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

பயிற்றுநர் இல்லாமல் முடியுமா?
மாணவர், கொட்டகலை

சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் முடியும். நீச்சலுக்கு முடியாது.

மாஸ்டர், எனக்கு 24 வயது. கொழுந்தெடுக்கப் போகிறேன். பாடசாலையில் 1500 மீற்றர் ஓடியவள். ஆறு மாதமாக மறுபடியும் ஓடுகிறேன். சின்ன ஏற்றம் வந்தாலே கண் இருட்டுகிறது, படபடவென்று அடிக்கிறது. பயிற்சி போதாதா, இல்லை எனக்கு உடம்பில் தெம்பே இல்லையா?
ஒரு வாசகி, பொகவந்தலாவை

தங்கச்சி, இந்தக் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். பயிற்சியைக் கூட்டுங்கள் என்று மட்டும் யாரும் உங்களுக்குச் சொல்லிவிடக் கூடாது.

முதல் வேலையாக இரத்தத்தைச் சோதியுங்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் பெண்களுக்கு அது இரத்தச்சோகை. ஓட்டக்காரிக்கு அது காற்றுப் போன டயரில் சைக்கிள் ஓட்டுகிற மாதிரி. எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகராது. மாத்திரை தேவையா, எவ்வளவு என்பதை வைத்தியர் சொல்லட்டும். கடையில் நீங்களாக வாங்கிப் போடவேண்டாம். கண் இருட்டுவதற்கு வேறு காரணமும் இருக்கலாம், அதையும் அவர் பார்ப்பார். அதுவரை ஏற்றத்தில் ஓடாதீர்கள்.

இன்னொன்று சாயத்தண்ணி. நம் வீடுகளில் ரொட்டியும் சாயத்தண்ணியும் சேர்ந்துதான் வரும். என் அம்மா ஒரு வாய் ரொட்டி, ஒரு மிடறு தேத்தண்ணி என்றுதான் வாழ்நாள் முழுக்கச் சாப்பிட்டார். தேயிலையில் உள்ள துவர்ப்பு, சாப்பாட்டில் இருக்கிற இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புக்கு இது கூடுதலாகப் பொருந்தும். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. நாம் உயிர் வாழ்வதே அதனால். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். சம்பலில் தேசிக்காயைத் தாராளமாகப் பிழியுங்கள், புளிப்பு இரும்பைச் சேர்க்க உதவும். வாரத்தில் ஒரு நாள் ஈரலோ, அடிக்கடி நெத்தலியோ கிடைத்தால் நல்லது.

அப்புறம், சரிவில் ஏறி இறங்கி, கொழுந்துச் சுமையோடு நாள் முழுக்க நிற்பதையும் பயிற்சிக் கணக்கில் எழுதுங்கள். ஒரு குமாஸ்தா மாலையில் ஐந்து கிலோமீற்றர் ஓடுவதும் நீங்கள் ஓடுவதும் ஒன்றில்லை. வாரத்தில் மூன்று நாள், அதில் ஒன்று ஞாயிறு, அதற்கு மேல் இப்போதைக்கு வேண்டாம். சிவப்பணு ஒன்றின் ஆயுள் 120 நாள் அளவு. அதனால் உடம்பு தேற மாதக்கணக்கு ஆகும். அதுவரை நேரத்தைப் பார்த்து மனம் உடையாதீர்கள். பாடசாலையில் 1500 ஓடிய கால் அப்படியேதான் இருக்கிறது.

சோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். காத்திருப்பேன்.

ரம்பொடை இறக்கத்தில் முன் டியூப் வெடித்துவிட்டது. டயர் புதிது. தெய்வாதீனமாகத் தப்பினேன். ஏன் இப்படி?
சைக்கிள் பிரியர், புசல்லாவை

பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினீர்களா? பிரேக் கட்டை ரிம்மை உரசும் வகைச் சைக்கிள் என்றால் சூடு ரிம்முக்குப் போய், உள்ளே காற்றின் அழுத்தம் ஏறி, டியூப் வெடிக்கும். நீண்ட இறக்கத்தில் இது நடக்கக்கூடியது. வேகத்தை வளைவுக்கு முன்னால் நேர்ப் பாதையில் இரண்டு பிரேக்கையும் அழுத்திக் குறையுங்கள், பிறகு விட்டுவிடுங்கள். அழுத்தி விடுங்கள், அழுத்தி விடுங்கள். விடுகிற நேரத்தில் காற்றுப்பட்டு ரிம் ஆறும். நான் பாதி இறக்கத்தில் ஒரு தடவை நிற்பேன். நீர்வீழ்ச்சியைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று. நின்றதும் ரிம்மைக் கையால் தொடாதீர்கள், சுட்டுவிடும்.

கினிகத்தேனைக்குக் கீழே நான் ஒரு முறை விழுந்தது வேறு காரணத்தால். மழை விட்ட கையோடு இறங்கினேன். ஈரமான பிரேக் உடனே பிடிக்காது என்பதை மறந்துவிட்டேன். தோள்பட்டை எலும்பில் கீறல், ஏழு வாரம் வீட்டில். மழையில் வளைவுக்கு வெகு முன்னாலேயே பிரேக்கை மெல்லத் தொட்டு நீரைத் துடைத்துவிடவேண்டும். மூடுபனி இறங்கினால் நான் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்பேன். பஸ் சாரதியின் கண்ணுக்கு நாம் தெரியமாட்டோம்.

ஏற்றங்களுக்காக, முன் பல்சக்கரத்தில் 34 பல், பின் பல்சக்கரத்தில் 32 அல்லது 34 பல் இருக்கிற கியர் வாங்குங்கள். கடைக்காரர்கள் வேகமான கியரைக் காட்டுவார்கள். நமக்கு முழங்கால்தான் முக்கியம்.

வங்கியில் வேலை, இரண்டு பிள்ளைகள். வாரத்தில் எத்தனை மணி நேரம் வேண்டும்? உண்மையைச் சொல்லுங்கள்.
வாசகர், பண்டாரவளை

அரைத் தூரத்துக்கு எட்டு மணி நேரம். முழுத் தூரத்துக்குக் கடைசி மூன்று மாதமும் பன்னிரண்டைத் தொட்டேன். நான் நாலே காலுக்கு எழும்புவேன். செவ்வாயும் வியாழனும் பாடசாலைக்கு முன் ஓட்டம், புதன் வீட்டுக்குள் உடற்பயிற்சி, சனி நீச்சல். ஞாயிறு நீண்ட சைக்கிள், இறங்கிய உடனே இருபது நிமிடம் ஓட்டம். இந்தக் கடைசி இருபது நிமிடத்தை விடவே கூடாது. சைக்கிளிலிருந்து இறங்கியதும் கால் வேறு ஒருவருடைய கால் மாதிரி இருக்கும். அதைப் போட்டியன்று முதன்முதலாகச் சந்திக்கக் கூடாது. மூன்று வாரம் கூட்டினால் நாலாவது வாரம் குறைக்கவேண்டும்.

உண்மையைக் கேட்டதால் இதையும் சொல்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் என் மனைவி கொடுத்தவை. சந்தைக்குப் போனது, பிள்ளைகளின் வீட்டுப்பாடம் பார்த்தது, காய்ச்சல் வந்தால் விழித்திருந்தது எல்லாம் அவர். முழுத் தூரத்துக்குப் பதிவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். பதிந்துவிட்டுச் சொல்லாதீர்கள்.

மலையில் நமக்கு ஒரு கஷ்டம், மெதுவாகப் போக இடம் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம், நெஞ்சு படபடக்கும். ஆனால் பயிற்சியில் பெரும்பகுதி, பக்கத்தில் வருகிறவரோடு முழு வசனம் பேச முடிகிற வேகத்தில் நடக்கவேண்டும். பேச்சு துண்டு துண்டானால் நடங்கள். நான் ஆரம்பத்தில் ஒவ்வொரு ஏற்றத்தையும் வெல்லப் பார்த்து இரண்டு வருடத்தை வீணாக்கினேன். எப்போதும் களைப்பு, எப்போதும் தடிமன். நடக்கப் பழகிய பிறகுதான் நீண்ட தூரம் வந்தது.

உங்களுக்கு ஒரு வசதி உண்டு. மே தொடங்கி எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது உங்கள் ஊவாப் பக்கம் காய்ந்து கிடக்கும். ஆண்டு முடிவில் அது மாறும். மழை பார்த்து நாள் குறியுங்கள்.

போட்டியில் என்ன சாப்பிட்டீர்கள்? கொழும்பு வெயிலை எப்படித் தாங்கினீர்கள்?
வாசகர், ஹற்றன்

முதல் தடவை தாங்கவில்லை. 2019இல் ஓட்டத்தின் பன்னிரண்டாவது கிலோமீற்றரில் விரல் வீங்கி மோதிரம் இறுகிவிட்டது. தலைவலி, வாந்தி. வெயிலுக்குப் பயந்து, தண்ணீர் வைத்த ஒவ்வொரு மேசையிலும் வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளியிருந்தேன். வியர்வையில் உப்பு போய்க்கொண்டிருக்க வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றினால் இரத்தத்தில் உப்பு இன்னும் ஐதாகும். அது உயிருக்கே ஆபத்தாகலாம். தவறு முழுக்க என்னுடையது.

அதற்குப் பிறகு, வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கிற ஜீவனித் தூளைக் கரைத்துக்கொண்டு போகிறேன். ஆனால் அது உப்புக்கு மட்டும்தான் போதும். ஒரு லீற்றரில் சீனி 13.5 கிராம் அளவுதான். நெடுந்தூரத்தில் மணிக்கு 60 கிராம் மாச்சத்தாவது உள்ளே போகவேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவு, கை நிறைய உப்புச்சோற்று உருண்டை ஒன்றில் அதே அளவு, கித்துள் கருப்பட்டித் துண்டு மிச்சத்துக்கு. லங்காவியில் சைக்கிள் முழுக்க இதைத்தான் சாப்பிட்டேன், ஓட்டத்தில் அங்கே கொடுத்த பானம். எது சாப்பிட்டாலும் பயிற்சியில் பத்துத் தடவையாவது சாப்பிட்டுப் பாருங்கள். வயிறும் பழகவேண்டும்.

வெயிலுக்கு உடம்பு பழகப் பத்திலிருந்து பதினான்கு நாள் வேண்டும். நான் வத்தளையில் அத்தை வீட்டில் பத்து நாள் தங்கி, தினமும் பகலில் ஒரு மணி நேரம் மெதுவாக ஓடினேன். அத்தை ஒவ்வொரு நாளும் வாசலில் நின்று திட்டினார். ஒவ்வொரு நாளும் தோடம்பழச் சாறும் வைத்திருந்தார்.

எனக்கு 52 வயது. பிந்திவிட்டதா?
ஓய்வுபெற்ற தபால் ஊழியர், வெலிமடை

அமெரிக்காவில் மடோனா பூடர் என்று ஒரு கன்னியாஸ்திரி ஓடவே தொடங்கியது 48 வயதில். 2012இல் கனடாவில் முழுத் தூரத்தை முடித்தபோது அவருக்கு 82. இதயத்தை ஒரு முறை வைத்தியரிடம் காட்டிவிட்டு நாளைக்கே ஆரம்பியுங்கள்.

சைக்கிள், பதிவுக் கட்டணம், விமானம். இவ்வளவு பணத்துக்கு எங்கே போனீர்கள்?
வாசகர், பதுளை

மூன்று வருடம் சீட்டுப் போட்டேன். சைக்கிள் பழையது. 2022இல் பெற்றோல் வரிசைக் காலத்தில் அதிலேதான் பாடசாலைக்குப் போனேன். அப்போது விற்கச் சொல்லி நல்ல விலை கேட்டார்கள், கொடுக்கவில்லை. பணம் சேரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஓடுவதற்கு யாரும் கட்டணம் கேட்பதில்லை.

மாஸ்டர், என் மகளுக்கு 16 வயது. உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு நீச்சல் பழகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நீச்சல் உடுப்பு, தூரப் பயணம் என்று அக்கம்பக்கத்தில் பேசுவார்கள். அப்பாவும் யோசிக்கிறார். நான் என்ன செய்ய?
ஒரு தாய், டயகம

அம்மா, உடுப்பைப் பற்றி முதலில். கழுத்து முதல் மணிக்கட்டு வரைக்கும், கீழே கணுக்கால் வரைக்கும் மூடுகிற நீச்சல் உடுப்பு கடைகளில் கிடைக்கிறது. சனிக்கிழமைகளில் கண்டித் தடாகத்துக்கு எங்களோடு வருகிற பிள்ளைகளில் நால்வர் அதைத்தான் போடுகிறார்கள். தடாகத்தில் யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

நெடுந்தூரப் போட்டிகளுக்கு 18 வயது ஆகவேண்டும். ஆகவே போட்டியைப் பற்றி இப்போது வீட்டில் சண்டை வேண்டாம். மகள் கேட்பது நீச்சல். அவள் நல்லாய் நீந்தினால், நாளைக்கு டயகமவில் யாராவது தண்ணீரில் விழுந்தால் கத்துவதைத் தவிர வேறு ஏதாவது செய்யத் தெரிந்த ஒருத்தி ஊரில் இருப்பாள். அவளுடைய அப்பாவிடம் என் வகுப்புக் கூட்டாளியின் கதையைச் சொல்லுங்கள்.

நீங்களும் கூட வாருங்கள். முதல் மாதம் பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள், திருப்தியில்லை என்றால் கூட்டிக்கொண்டு போய்விடலாம். தலவாக்கலையில் சனிக்கிழமை காலை ஐந்தே காலுக்கு முதல் பஸ்ஸில் ஏறுவோம். முந்தின இரவே தலவாக்கலைக்கு வந்துவிடுங்கள், எங்கள் வீட்டில் தங்கலாம். மனைவியிடம் சொல்லிவிட்டேன். இரண்டு துவாய், ஒரு மாற்று உடுப்பு, திரும்பும்போது போட ஒரு ஸ்வெட்டர். ரொட்டி கொஞ்சம் கூடவே சுட்டு எடுங்கள். தண்ணீரிலிருந்து ஏறியதும் பிள்ளைகளுக்குப் பசி தாங்காது.